பைண்டர் தெருவில் காணாமல் போன நாற்காலி

பெர்னடெட் ஹூடாக் பிட்ஸ்பர்க் நகரப் பேருந்தைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறாள். அவளை பெர்னடெட் என்று கூப்பிடுவது பல் டாக்டர் மட்டும்தான். ஊருக்கெல்லாம் அவள் பெர்னி. உயரம் ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, குரல் மட்டும் ஏழடி. கடைசி சீட்டில் காலைத் தூக்கி எதிர் சீட்டில் போட்டிருப்பவன், அவள் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தாலே காலை இறக்கி, சீட்டைத் துடைத்துவிட்டு உட்காருவான். பனிச்சறுக்கலில் பேருந்து பக்கவாட்டாகப் போனபோதுகூட அவள் பதறியதில்லை. "பிடிச்சுக்கோங்க, கொஞ்சம் நடனம் ஆடப் போறோம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னாளாம்.

அப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம் என்றால் பயம். அக்கம்பக்கம்!

காரணம் இல்லாமல் இல்லை. பெர்னிக்கு ஒரு மனைவி, மரிசோல். அரிசோனாப் பாலைவனத்து டூசான்காரி. காதலுக்காகக் குளிரில் வந்து மாட்டிக்கொண்ட அப்பாவி. பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிற வேலை. இருவருக்கும் ஒரு மகள், ஜூனி. வயது எட்டு. எட்டு வயதுக்குள் அந்தக் குழந்தை மூன்று வீடு மாறியாகிவிட்டது.

முதல் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் வேலி போட்டார். சரி, வேலி யாரும் போடுவதுதான். இவர் அடுத்த மாதம் அதன்மேல் ஓர் அடி ஏற்றினார். பெர்னியும் மரிசோலும் பின்கட்டில் சேர்ந்து உட்கார்ந்து காபி குடித்தால் போதும், மறுநாள் காலையில் மனுஷன் பலகையும் சுத்தியலுமாக ஏணியில் நிற்பார். கடைசியில் அவர் தோட்டத்துத் தக்காளிச் செடியே வெயில் இல்லாமல் செத்தது. அதற்கும் இவர்கள்தான் காரணம் என்று சண்டைக்கு வந்தார்.

இரண்டாவது வீடு நேர்மாறு. அந்தப் பேட்டையில் அன்பு தாங்க முடியவில்லை. வந்த முதல் வாரமே ஏழு வீட்டிலிருந்து ஏழு நிறத்தில் கேக் வந்தது. நாய்ப் பூங்கா திறப்பு விழாவா, கூப்பிடு பெர்னியையும் மரிசோலையும், ரிப்பன் வெட்டட்டும். இவர்களிடம் நாயே கிடையாது! யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் "இவங்கதான் நம்ம ரெண்டு அம்மா" என்று, கண்காட்சியில் பரிசு வாங்கிய பூசணிக்காயைக் காட்டுவதுபோல அறிமுகம். பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' பற்றிப் பேச ஒரே வருடத்தில் நான்கு முறை ஜூனியை மேடை ஏற்றினார்கள். நான்காவது முறை அவள் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்க வீட்ல ரெண்டு அம்மா. ரெண்டு பேருக்கும் சமைக்க வராது. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

மூன்றாவது வீட்டின் மேல்மாடிக்காரி, படியில் ஜூனியைப் பார்க்கும்போதெல்லாம் "உன் அப்பா எங்க பாப்பா?" என்பாள். தினமும். அலுக்கவே அலுக்காது அந்த அம்மாளுக்கு. ஒருநாள் ஜூனி, "நீங்க கடைசியா எங்க வெச்சீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை.

ஆக, நான்காவது வீடு தேடும்போது பெர்னி ஒரு பரீட்சை ஏற்பாடு செய்தாள். பேருந்து ஓட்டுகிறவளுக்குத் தெரியாத தெரு ஏது? பிடித்த தெருவுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போவாள். மரிசோலின் கையைக் கோத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பாள். ஜூனி ஸ்கூட்டரில் முன்னால் போவாள். எதிரே வருகிறவர் மூஞ்சியைத் திருப்பினால் தெரு தோல்வி. கையைப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து "எவ்வளவு அழகான குடும்பம்!" என்று உருகினாலும் தோல்வி. மரிசோலுக்கு இது வெறுத்தே போயிற்று. "பெர்னி, பின்ன என்னதான் பண்ணணும் அவங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதான் வேணும் எனக்கு," என்றாள் பெர்னி.

பைண்டர் தெரு மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தெரு. இருபத்திரண்டு வீடு, ஒன்றுக்கும் கார் நிறுத்தக் கொட்டகை கிடையாது, எல்லா வண்டியும் தெரு ஓரத்தில்தான். அங்கே வாடகைக்கு ஒரு வீடு காலி. முதல் ஞாயிறன்றே அதன் எதிர்வீட்டு மாடி ஜன்னல் படாரென்று திறந்து, சுருட்டை முடியோடு ஒரு தலை வெளியே வந்தது. டோட்டி மஸூர். அறுபது வயதிருக்கும், பௌலிங் கூடத்தில் ஆட வருகிறவர்களுக்கு வாடகை ஷூ கொடுக்கிற கவுண்டரில் வேலை.

"ஏய், அந்த நீல வண்டி உங்களுதா? குழாய் வாயை மறிச்சு நிறுத்தியிருக்கியே, தெரு பத்திக்கிட்டா தீயணைப்பு வண்டிக்காரன் உன் வாயிலேர்ந்தா தண்ணி எடுப்பான்?"

பெர்னிக்குப் புல்லரித்துவிட்டது. "மரி, நம்ம கையைப் பாக்கவே இல்லடி அவங்க! குழாயைத்தான் பாத்தாங்க!" என்று தெருவிலேயே குதித்தாள்.

இரண்டாவது ஞாயிறு, பக்கத்து வீட்டு லூ கட்டலானோ வாசலுக்கு வந்தார். தெருக்கோடித் தீயணைப்புக் கூடத்தில் தன்னார்வலர், பெரிய உடம்பு, பயந்த மனசு, எதற்கெடுத்தாலும் வியர்க்கும். "உங்கள்ல யாருக்காவது வீட்டைச் சூடாக்கற கொதிகலன் ரிப்பேர் தெரியுமா?" என்று கேட்டார். இருவருக்கும் தெரியாது. "ரெண்டு பேர் இருக்கீங்க, ஒருத்தருக்குமா தெரியாது?" என்று நிஜமாகவே நொந்துகொண்டு உள்ளே போய்விட்டார். மூன்றாவது ஞாயிறுக்குப் பெர்னி காத்திருக்கவில்லை, அந்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள்.

வீட்டின் சொந்தக்காரர் புளோரிடாவில் இருந்தார். வாடகைக்குக் கொடுத்தபோதே ஒரு நிபந்தனை போட்டார். மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, அன்றைக்குள் வீட்டை வாங்கிக்கொள்கிறோம், அல்லது வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட வேண்டும். வேண்டாம் என்றால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார். இரண்டு கட்டம் போட்ட ஒரு காகிதமே அனுப்பிவைத்தார், டிக் அடித்தால் போதும். நவம்பரில் பெர்னி அதைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பவே அடிச்சிடவா?" என்றாள். மரிசோல்தான், "ஒரு குளிர்காலம் போகட்டும்" என்று தடுத்தாள்.

ஜூனிக்கோ தெரு அன்றே பிடித்துவிட்டது. சனிக்கிழமைகளில், பந்தை உருட்டிப் பத்துக் கட்டையைச் சாய்க்கும் குழந்தைகள் பௌலிங் குழுவில் சேர்ந்தாள். டோட்டி அவளுக்கு 'இடதுகை ராட்சசி' என்று பெயர் வைத்தாள். அது முதல் ஜூனி என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜனவரி நடுவில் பனி கொட்டியது. சாதாரணப் பனி இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் காரே இல்லை, வெள்ளை மேடுகள்தான். பெர்னி விடிந்ததுமே பேருந்தை எடுக்கப் போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிட்ஸ்பர்க்கில் பிறந்த குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே தெரிகிற விஷயம் இது. முதுகொடிய வாரிச் சுத்தம் பண்ணிய இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடம் உன்னுடையது. சட்டத்தில் இல்லை. போலீஸ்காரரும் தன் வீட்டு வாசலில் போட்டிருப்பார். அண்ணன் தம்பி சொத்துக்கு அடித்துக்கொள்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்துவார்கள், ஆனால் நாற்காலியை நகர்த்த ஒருவனுக்கும் துணிவு வராது. பெர்னிக்கு இது மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது பெண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுப்பார்களா? முந்தின மூன்று வீட்டிலும் சொந்தக் கொட்டகை இருந்ததால் அதற்கு அவசியமும் வரவில்லை.

மரிசோல் ஊரில் வேறு வழக்கம். வேண்டாத சாமானைத் தெரு ஓரத்தில் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் மரிசோலுக்கு ஒரு வெறியே உண்டு. குப்பையிலிருந்து மேசை, விளக்கு, பறவைக் கூண்டு என்று கொண்டுவந்து சாயம் அடித்து வைப்பாள். கேட்டால் சண்டை வரும் என்பதால் பெர்னி கேட்பதையே விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் மரிசோல் வெளியே வந்து பார்க்கிறாள். சுற்றிலும் முழங்கால் பனி. நடுவில் சதுரமாக, துடைத்துவைத்த மாதிரி ஓர் இடம். அதில் பூப்போட்ட ரெக்ஸின் மெத்தையோடு ஒரு சமையலறை நாற்காலி. எடுத்துப் போகிறவர்களுக்குக் கண்ணில் படவேண்டும் என்று சுற்றிலும் பனியைக்கூட வாரி வைத்திருக்கிறார்களே, என்ன நல்ல மனசு இந்தத் தெருக்காரர்களுக்கு என்று அவள் உருகிப் போனாள். நாற்காலியை வீட்டுக்குள் கொண்டுபோனாள். திரும்பி வந்து பார்த்தால், அடடா, கார் நிறுத்தவும் சுத்தமாக ஓர் இடம். மேட்டுக்குள் புதைந்திருந்த தன் நீல வண்டியை எப்படியோ உறுமி உறுமி வெளியே எடுத்து அங்கே நிறுத்தினாள்.

சாயங்காலம் பெர்னி வந்தாள். வண்டி நிற்கிற அழகைப் பார்த்தாள். "மரி! நீயா வாரின இத்தனை பனியையும்? பிட்ஸ்பர்க்காரி ஆயிட்டேடி!" என்று கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் பனி விஷயத்தில் மரிசோலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, கொஞ்சம் வலிக்குது" என்றாள். மறுநாள் நாற்காலி ஆரஞ்சு நிறமாகி ஜூனியின் அறைக்குப் போனது. பழைய சாமான் கடையில் வாங்கியிருப்பாள் என்று பெர்னி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து பைண்டர் தெரு மாறிவிட்டது.

டோட்டி இவர்களைப் பார்த்தால் திரைச்சீலையை இழுத்தாள். பெர்னி குப்பைத்தொட்டி வைக்க வெளியே போனால் நான்கு வீட்டுக் கதவு ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டது. இவள் பேருந்தில் ஏறும் பைண்டர் தெருக்காரர்கள் முன்னெல்லாம் டிரைவர் பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் பேசுவார்கள். இப்போது பின்னால் போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெருவில் இருந்த நாற்காலிகள் எல்லாம் நாய்ச் சங்கிலியால் கம்பத்தோடு கட்டப்பட்டிருந்தன. அதைப் பார்த்துப் பெர்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் லூ பேருந்தில் ஏறியபோது, எல்லோர் காதிலும் விழும்படி, "நம்ம தெருவுல எவனோ நாற்காலி திருடறானாமே லூ? த்தூ! நாற்காலியைத் திருடறவன் மனுஷனா? பெத்த அம்மாவை விக்கறவன்கூட அதுக்கு மேல!" என்றாள்.

 லூ அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மிச்சம் ஒன்றரை மைல் பனியில் நடந்தே போனார். "கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாம எங்கிட்டயே சொல்றா" என்று அவர் தெருவில் சொன்னது பெர்னிக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. ஒன்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு வரி. 'பைண்டர் தெருவில் உள்ள நாங்கள் உங்கள் குடும்பத்தை மிகவும் மதிக்கிறோம்.'

பெர்னி அதை மூன்று முறை படித்தாள். நான்காவது முறை நின்றுகொண்டு படித்தாள். "மரி, முடிஞ்சுது. நம்மள வெளிய அனுப்பப் போறாங்க," என்றாள்.

"மதிக்கிறோம்னுதானே போட்டிருக்கு?"

"அட மக்கு! மதிக்கறவன் எவன்டி லெட்டர் போடுவான்? ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு ஒருத்தரை மதிச்சா அதுக்கு என்ன அர்த்தம்? இவ்ளோ நாள் தெரியலையாம், இப்பதான் யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க நாம ரெண்டு பொம்பளைங்கன்னு!"

குழப்பம் என்னவென்றால், ஜூனியிடம் மட்டும் எல்லோரும் பழையபடி இருந்தார்கள். சனிக்கிழமை பௌலிங் கூடத்தில் டோட்டி குனிந்து அவளுக்கு ஷூ நாடா கட்டிவிட்டு, "போடி ராட்சசி, பத்தையும் சாய்ச்சுட்டு வா" என்று முதுகில் தட்டினாள். நிமிர்ந்து பெர்னியைப் பார்த்ததும் அந்த முகம் இரும்புக் கதவாகிவிட்டது. பெர்னி அங்கேயே நின்றாள். வாடகை ஷூவை மாட்டிக்கொண்டு நின்ற அந்த நெட்டை மனுஷிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதல் தெருக்காரன் வேலி போட்டபோதுகூட அவள் அழவில்லை. ஏனென்றால் அவனை அவளுக்குப் பிடித்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெல்ல ஆரம்பித்தாள். "ஜூனி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருக்கு. நல்ல தெரு. அடுத்த ஞாயிறு சும்மா ஒரு நடை…"

"மறுபடியும் மூணு ஞாயிறா?" என்றாள் ஜூனி.

"சும்மா பாக்கத்தான்டா கண்ணு."

"நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்கு இங்க பௌலிங் ஷூ இருக்கு." அவள் கத்தவில்லை. தட்டில் இருந்த மக்ரோனியை ஒவ்வொன்றாக முள்கரண்டியில் கோத்தபடி சொன்னாள். "பெர்னிம்மா, நான் ஒவ்வொரு தடவையும் புதுசா எல்லார் பேரையும் கத்துக்கறேன். அப்புறம் நீங்க மாத்திடறீங்க."

பெர்னி எழுந்துபோய் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

தவக்காலத்தின் முதல் வெள்ளி வந்தது. இறைச்சி தொடாத நாள் என்பதால் அன்றைக்குத் தீயணைப்புக் கூடத்தில் மீன் வறுவல். இந்த ஊரில் அன்று வீட்டில் அடுப்பு மூட்டுகிறவன் கிடையாது. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேசை போட்டு, ரொட்டிக்கு இரண்டு பக்கமும் முழம் நீட்டிக்கொண்டிருக்கும் மீனை வறுத்துக் கொடுப்பார்கள். வெண்ணெயில் வதக்கிய கோஸும் நூடுல்ஸும் மலையாகக் குவிந்திருக்கும். மொத்தத் தெருவும் அங்கேதான். வீட்டின் சொந்தக்காரர் அனுப்பிய காகிதத்தைப் பெர்னி கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நாலு வார்த்தை கேட்டுட்டு, அவங்க கண் முன்னாலயே வேண்டாம்னு டிக் அடிச்சுட்டு வரேன்," என்றாள்.

"பசிக்குது, முதல்ல சாப்பிட்டுட்டுக் கேளேன்," என்றாள் மரிசோல்.

"மானம் போற விஷயம்டி இது!"

"மீன் ஆறிடுமேன்னு சொன்னேன்."

மூவரும் வரிசையில் நின்றார்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் லூ, காதில் பென்சில் செருகிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து டோட்டி, கோஸ் சாலட் பரிமாறும் கரண்டியோடு. இவர்களைப் பார்த்ததும் கூடத்தில் பேச்சு ஒவ்வொரு மேசையாக அணைந்தது. பெர்னியின் முறை வந்தது. லூ மீனை நீட்டினார், பெர்னி வாங்கவில்லை. பேருந்தின் கடைசி சீட்டுக்கு எட்டும் அந்தக் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! ஏழு வாரமா பாத்துட்டிருக்கேன். கதவைச் சாத்தறீங்க, திரையை இழுக்கறீங்க, லெட்டர் போடறீங்க. நாங்க ரெண்டு பொம்பளைங்க புருஷன் பெண்டாட்டியா ஒரு வீட்ல இருந்து பிள்ளை வளக்கறது உங்களுக்குப் பிடிக்கலன்னா, மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைங்களேன்! எதுக்கு இந்த மறைஞ்சு விளையாட்டு?"

  லூவின் கையிலிருந்த மீன் நழுவி சட்டியில் விழுந்தது.

டோட்டி கரண்டியை 'ணங்' என்று மேசையில் அடித்தாள். "என்னது? என்ன சொன்னே நீ? எனக்கு அதுவாடி பிடிக்கல? நீ யார்கூட குடும்பம் நடத்தினா எனக்கென்ன, ஒரு ஒட்டகத்தோட நடத்து! என் நாற்காலியை எங்கடி?"

"எந்த நாற்காலி?" என்றாள் பெர்னி.

"எந்த நாற்காலியா! ஜனவரியில நான் ரெண்டு மணி நேரம் குனிஞ்சு வாரி, இடுப்பு விட்டுப்போய், நாற்காலியைப் போட்டுட்டு, கீழ்த்தெருவுல நிக்கற வண்டியைக் கொண்டுவர சாவி எடுக்க மேல போய் ஜன்னலைத் திறக்கறேன். உன் பெண்டாட்டி வரா. நாற்காலியைச் சுத்திச் சுத்திப் பாக்கறா. அதுல உக்காந்து ஆட்டிப் பாக்கறா. தூக்கிட்டுப் போறா! அப்புறம் அந்த இடத்துலயே வண்டியக் கொண்டாந்து விடறா! விட்டுட்டு, என்னை அண்ணாந்து பாத்து, சிரிச்சு, டாட்டா காட்டறாடி எனக்கு! டாட்டா!"

 பெர்னி இந்த மண்ணில் பிறந்தவள். மெல்லத் திரும்பினாள். "மரி," என்றாள், "ஜூனி ரூம்ல இருக்கே, அந்த ஆரஞ்சு நாற்காலி… அது எங்கேருந்து வந்துது?"

"ரோட்லேர்ந்து," என்றாள் மரிசோல். "ஏன்?"

கூடம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப பனி? பனியை நீதானே வாருன?"

மரிசோல் தன் காலணியைப் பார்த்தாள். "நீ கட்டிப்பிடிச்சியா… அப்ப எப்படி இல்லன்னு சொல்றது?"

"முத்தம் குடுத்தேனேடி அதுக்கு!" என்று பெர்னி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "ஏழு வாரம்! ஒருத்தருக்காவது வாய் இல்லையா? வந்து கதவைத் தட்டி நாலு திட்டு திட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே!"

எல்லோரும் லூவைப் பார்த்தார்கள். லூ துண்டால் கழுத்தைத் துடைத்தார். "திட்டலாம்னுதான் இருந்தோம் பெர்னி. வேற யாராவது எடுத்திருந்தா அன்னிக்கே அவன் டயர்ல காத்து இருந்திருக்காது. ஆனா நீங்க… வந்து… நாங்க நாற்காலிக்காகத் திட்டி, நீங்க அதுக்காகத்தான் திட்டறோம்னு நினைச்சுட்டா? அசிங்கமில்லையா? என் வீட்ல கூட்டம் போட்டோம். லெட்டர் எழுதினோம். 'உங்க குடும்பத்தை ரொம்ப மதிக்கிறோம், ஆனா நாற்காலி'ன்னு. படிச்சா தப்பா தொனிச்சுது. பதினோரு தடவை மாத்தினோம். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர், இதைப் படிச்சா மனசு புண்படும்னு ஒரு வார்த்தையை எடுத்தாங்க. கடைசியில பாத்தா நாற்காலியே இல்ல. சரி, மதிக்கிறோம்னாவது தெரியட்டும்னு போட்டுட்டோம்."

பெர்னிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. நாற்காலிக்காக! நாற்காலிக்காக மட்டும்! எட்டு வருடமாகத் தேடி அலைந்தாளே, அந்தத் தெரு இதுதான்.  "டோட்டி, இன்னொரு தடவை திட்டுங்க," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லா, சத்தமா."

டோட்டிக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. "திட்டாம விடுவேனா? என் கல்யாண செட்டுலடி அந்த நாற்காலி! ஆறுல அஞ்சு உடைஞ்சு போச்சு, புருஷனும் போயிட்டான், அது ஒண்ணுதான் கோணாம நின்னுது. இருபத்திரண்டு குளிர்காலம்! எவனும் விரலால தொட்டதில்ல! அதுக்கு என்ன கலர் அடிச்சாளாம்?"

"ஆரஞ்சு," என்றாள் மரிசோல், உதவியாக.

"ஆரஞ்சா! கறுப்பும் மஞ்சளுமா ஃபுட்பால் சட்டை போடற ஊர்ல, எதிரி டீம் கிளீவ்லாந்துக்காரன் கலரா!"

இதற்குத்தான் கூடம் நிஜமாகவே கொதித்தது. "அநியாயம்!" "திருடினதுகூடப் பரவால்ல, ஆனா இது!" என்று நான்கு மேசையிலிருந்து குரல் வந்தது. மரிசோலும் விடவில்லை. "நடுரோட்ல நாற்காலியைப் போட்டுட்டு, எடுத்தா தப்புங்கறீங்களே, நீங்கள்ளாம் லூசா? எங்க ஊர்ல ரோடு எல்லாருக்கும் பொது!" என்று இடுப்பில் கை வைத்தாள். "உங்க ஊர்ல பனி இருக்கா? இல்லல்ல? அப்ப மூடு!" என்று முப்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். ஏழு வாரம் வாயைக் கட்டிப் போட்டிருந்த தெரு, ஆளாளுக்கு ஆசை தீர அவளைத் திட்டியது. பெர்னி அதைக் கண் நிறைய நின்று பார்த்தாள்.

கடைசியில் டோட்டி கரண்டியைத் தூக்கினாள். "போதும். நாற்காலி எடுத்தா என்ன தண்டனைன்னு உனக்குத் தெரியும் பெர்னி. நீ இங்க பொறந்தவ."

"தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க உங்க இடத்தை நாங்க வாரணும்."

"ஒண்ணு நாற்காலிக்கு. ஒண்ணு ஆரஞ்சுக்கு. ஒண்ணு டாட்டாவுக்கு. மூணு குளிர்காலம்."

"மூணா!" பெர்னிக்குள் இருந்த ஊர்க்காரி தன்னையறியாமல் பேரத்துக்கு எழுந்தாள். "மூணு அநியாயம் டோட்டி. அவளுக்குத் தெரியாம செஞ்சது. ரெண்டு போடுங்க."

"அஞ்சு," என்றது ஒரு குரல்.

ஜூனி. பரிமாறும் மேடைக்கு மேல் மூக்கு மட்டும்தான் எட்டியது. இரண்டு கையாலும் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றாள்.

"என்னடி சொன்னே?" என்றாள் டோட்டி.

"மூணு பத்தாது. அஞ்சு குடுங்க."

பேரம் பேச வாய் திறந்த பெர்னி அப்படியே நின்றுவிட்டாள். டோட்டி மேடைமேல் குனிந்து ஜூனியின் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை சத்தம் போடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லு ராட்சசி. சொன்னா சொன்னதுதான். நடுவுல விட்டுட்டுப் போக முடியாது."

"அதான் அஞ்சு கேக்கறேன்," என்றாள் ஜூனி.

பெர்னி கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். லூவின் காதிலிருந்த பென்சிலை உருவி, மேடைமேல் சிந்தியிருந்த சாலட் தண்ணீரின் மேலேயே காகிதத்தை வைத்து, வாங்கிக்கொள்கிறோம் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பென்சில் முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

டோட்டி அதைப் பார்த்தாள். மூன்று தட்டில் கோஸ் சாலட்டை அள்ளிப் போட்டாள். ஜூனியின் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி.

"காலையில ஆறு மணிக்கு முன்னாடி வாரணும், ஓரம்வரைக்கும் வாரணும்," என்றாள். "அடுத்தது யாரு?"